இந்தக் கல் யாருடையது?



பள்ளி விடுமுறைக்குச் சற்று முன்னர் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை மலாக்காவுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றிருந்தோம். ஒரு பேருந்து, முப்பத்தெட்டுப் பிள்ளைகள், நான்கு ஆசிரியர்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலிருந்து துணைக்கு வந்த இரண்டு தாய்மார்கள். வழக்கமான பயணம்தான். சிவப்புக் கட்டடத்தின் முன் ஒரு படம், கோட்டை வாயிலின் முன் ஒரு படம், பிறகு செண்டோல், பிறகு பேருந்து. பதினைந்து ஆண்டுகளாக நான் இப்படித்தான் பிள்ளைகளை அழைத்துப் போய் வருகிறேன்.

கோட்டை வாயிலின் முன்னே நின்றபோது நானும் வழக்கமான மூன்று வாக்கியங்களைச் சொன்னேன். "போர்த்துக்கீசியர் கட்டினார்கள். ஆங்கிலேயர் இடித்தார்கள். ராஃபிள்ஸ் துரை வந்து இந்த வாயிலை மட்டும் காப்பாற்றினார்." இடையில் ஒரு செய்தியையும் சேர்த்தேன். கோட்டைக்கு வேண்டிய கற்களில் ஒரு பகுதி, அதற்கு முன் இங்கிருந்த பள்ளிவாசலிலிருந்தும் அரசர்களின் கல்லறைகளிலிருந்தும் பெயர்த்தெடுக்கப்பட்டது என்றேன். எங்கோ படித்ததை ஒப்பித்தேன், அவ்வளவுதான்.

கடைசி வரிசையில் நின்ற ஒரு மாணவன், வகுப்பில் வாயே திறக்காதவன், சுவரைத் தொட்டபடி கேட்டான்: "சார், அப்ப இந்தக் கல்லு யாருடையது?"

நான் சிரித்து மழுப்பினேன். "எல்லாருக்கும் சொந்தம்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளை வரிசைப்படுத்தத் தொடங்கினேன். அவன் அந்த விடையை ஏற்கவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. நான் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு அந்த இடத்தைத் தவறாகக் காட்டி வந்திருக்கிறேன் என்றே இப்போது நினைக்கிறேன். அதை எழுதித் தீர்த்துக்கொள்ளத்தான் இந்தப் பதிவு.

அந்த மூன்று வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

போர்த்துக்கீசியர் கட்டினார்கள் என்பது முதல் வாக்கியம். 1511ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அல்போன்சோ டி அல்புகெர்க்கே மலாக்காவைக் கைப்பற்றினான். குன்றின்மேல் சுல்தானின் அரண்மனை இருந்தது. குன்றுக்கும் ஆற்றின் கழிமுகத்துக்கும் கடலுக்கும் இடையில் அவன் கோட்டையை எழுப்பத் தொடங்கினான். உடனடியாக வேண்டியது கல். புதிதாக வெட்டியெடுக்க நேரமில்லை. பெரிய பள்ளிவாசலும் மலாக்கா அரசர்களின் கல்லறைகளும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. ஒருவர் தொழுத இடத்தின் கல்லும், ஒருவர் தம் தந்தையைப் புதைத்த இடத்தின் கல்லும் இப்படி மதிலுக்குள் போயின. சுமந்து அடுக்கியவர்களும் போர்த்துக்கீசியர் அல்லர். சுல்தானின் அடிமைகளாக இருந்தவர்கள் புதிய எசமானின் அடிமைகளாகி அந்த வேலையைச் செய்தார்கள். அங்கு எழுந்த உயர்ந்த காவற்கோபுரத்துக்குத்தான் 'ஆ ஃபமோசா', அதாவது புகழ்பெற்றது, என்று பெயர். பிற்பாடு மொத்தக் கோட்டைக்கும் அதுவே பெயராயிற்று.

இந்த இடத்தில் நம் கதையும் வருகிறது. நாம் பிள்ளைகளிடம் சொல்லாமல் தாண்டிச் செல்லும் கதை.

சுல்தானகக் காலத்து மலாக்காவில் நான்கு துறைமுக அதிகாரிகள் இருந்தனர். ஷாபந்தர் என்பது அவர்களின் பதவிப் பெயர். அவர்களில் ஒருவரின் பொறுப்பில் சோழமண்டலக் கரை வணிகர்களும் இருந்தனர். பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் துணி கொண்டுவந்து, இங்கிருந்து கிராம்பும் சாதிக்காயும் கொண்டுசென்றவர்கள். 'கெலிங்' என்பது அன்று அவர்களைக் குறித்த பெயர். இன்று அச்சொல்லைக் கேட்டாலே நமக்குக் குருதி கொதிக்கிறது, கொதிப்பதில் தவறும் இல்லை. ஆயினும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அது பெரும் வணிகர்களின் அடையாளமாக இருந்தது என்பதையும் பிள்ளைகள் அறிந்திருக்கட்டும்.

அந்த வணிகர்களுள் ஒருவரைப் போர்த்துக்கீசிய ஏடுகள் 'நினா சாத்து' என்று குறிக்கின்றன. 1509இல் முதன்முதலாக இங்கு வந்த போர்த்துக்கீசியருள் சிலர் சுல்தானின் ஆட்களிடம் சிறைப்பட்டனர். அந்தக் கைதிகளுக்கு உதவியவர் இவர். அவர்களின் கடிதம் அல்புகெர்க்கேயின் கைக்குச் சென்று சேர்ந்ததிலும் இவருக்குப் பங்குண்டு. நகரம் வீழ்ந்த பின்னர் அதற்குக் கைம்மாறாக, முஸ்லிம் அல்லாத குடிமக்களுக்கு இவரைப் பெண்டஹாராவாகப் போர்த்துக்கீசியர் அமர்த்தினர். மூன்றே ஆண்டுகள். 1514இல் அப்பதவியைப் பறித்துக் கம்பார் மன்னரிடம் கொடுத்துவிட்டனர். அவமானம் தாளாமல் நினா சாத்து தாமே தீயில் இறங்கி உயிர்விட்டார் என்று போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதை ஆசிரியர் அறையில் சொன்னபோது மூத்த ஆசிரியர் ஒருவர் முகம் சுளித்தார். "இதையெல்லாம் எதுக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லணும் தம்பி? காட்டிக்கொடுத்தவன்னு நம்மையே நாம சொல்லிக்கவா?" என்றார். அவர் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் என் எண்ணம் வேறு. கடாரம் கொண்டான் என்று பெருமை பேசும்போது மட்டும் 'நாம்' என்று சொல்லிக்கொண்டு, நினா சாத்துவின் பெயர் வரும்போது 'யாரோ ஒருவர்' என்று நழுவுவது என்ன நேர்மை? தம் சரக்கையும் கப்பலையும் காப்பாற்ற நினைத்த ஒரு வணிகர், ஆட்சி மாறும்போது ஒரு பக்கத்தைத் தேர்ந்தார். அந்தப் பக்கமே பின்னர் அவரைக் கைவிட்டது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு இது விளங்காதா? விளங்கும். நாம் நினைப்பதைவிட நன்றாகவே விளங்கும்.

சரி, குன்றின்மேல் ஏறுவோம். பெரும்பாலான பள்ளிக் குழுக்கள் இங்கே ஏறுவதில்லை. வெயில், படிக்கட்டு, நேரமின்மை. நானும் பல ஆண்டுகள் ஏறாதவன்தான்.

கூரையில்லாமல் நான்கு சுவராக நிற்கும் அந்தத் தேவாலயம் 1521இல் துவார்த்தே கோயல்யோ என்னும் போர்த்துக்கீசியரால் சிறு ஆலயமாகக் கட்டப்பட்டது. 1548இல் அது இயேசு சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் அங்கே ஒரு பள்ளியையும் தொடங்கினர். நாம் ஆசிரியர்களாயிற்றே, அந்த இடிந்த சுவர்களுக்கு அருகே ஒரு காலத்தில் பிள்ளைகள் எழுத்துக் கற்றார்கள் என்பது நமக்குச் சிறிதேனும் உறைக்க வேண்டாமா?

புனித பிரான்சிஸ் சவேரியார் 1545இல் முதன்முறையாக மலாக்கா வந்தார். அதற்கு முன் அவர் எங்கே இருந்தார்? முத்துக்குளித்துறையில், தமிழ்ப் பரதவர்களிடையே. அங்கே செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடமாகக் கற்றுச் சொல்லிக்கொடுத்தவர், இங்கே வந்ததும் அதே முறையில் மலாய்மொழியில் பெயர்க்கச் செய்தார். 1552 டிசம்பரில் சீனக் கரையோரத் தீவொன்றில் அவர் இறந்தார். உடல் 1553இல் மலாக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, இதே ஆலயத்தில் சில மாதங்கள் புதைக்கப்பட்டிருந்து, பின்னர் கோவாவுக்குச் சென்றது. அந்தக் குழி இன்றும் கம்பிக் கூண்டுக்குள் இருக்கிறது. சுற்றுப்பயணிகள் அதனுள் காசு போடுகிறார்கள். ஏன் போடுகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியுமோ, தெரியாதோ!

வெளியே சவேரியாரின் வெண்சிலைக்கு வலக்கை இல்லை. 1952இல் சிலை வைத்த மறுநாளே மரம் விழுந்து கை உடைந்தது என்று வழிகாட்டிகள் சொல்வர். 1614இல் அவருடைய உடலிலிருந்தும் வலக்கை எடுக்கப்பட்டு உரோமாபுரிக்கு அனுப்பப்பட்டதையும் சேர்த்துச் சொல்லிப் பிள்ளைகளின் வாயைப் பிளக்க வைப்பர். மலாக்கா சென்று வந்த எந்த மாணவனைக் கேட்டாலும் இதை மட்டும் மறக்காமல் சொல்வான். குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பத்தடி தள்ளி உள்ளே சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும் கல்லறைக் கற்களை யாரும் காட்டுவதில்லை. ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட கருங்கற்கள். சிலவற்றில் இலத்தீன், சிலவற்றில் போர்த்துக்கீசியம், பலவற்றில் டச்சு. ஜப்பானின் ஆயராக இருந்து 1598இல் இறந்த ஒருவரின் கல்லும் அங்கே உண்டு.

டச்சுக் கற்கள் ஏன் அங்கே இருக்கின்றன? 1640இல் தொடங்கிய முற்றுகையின் முடிவில், ஜொகூரின் துணையோடு டச்சுக்காரர் 1641 ஜனவரியில் மலாக்காவைப் பிடித்தனர். கத்தோலிக்கத் தேவாலயத்தைத் தங்கள் சமயப் பிரிவுக்கு மாற்றி, புனித பவுல் பெயரைச் சூட்டினர். 1753இல் கீழே சிவப்புத் தேவாலயம் கட்டி முடிந்ததும் மேலே இருந்ததைக் கைவிட்டு, அதைத் தங்கள் பெரியவர்களைப் புதைக்கும் இடமாக்கிக்கொண்டனர். பின்னர் வந்த ஆங்கிலேயர் அதே சுவர்களுக்குள் வெடிமருந்தை அடுக்கி வைத்தனர். வழிபாட்டிடம், பள்ளி, இடுகாடு, மருந்துக் கிடங்கு. அரண்மனை இருந்த குன்றின் கதை இது.

கீழே இருக்கும் சந்தியாகோ வாயிலை மீண்டும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். வளைவின் மேலே ஒரு சின்னம் செதுக்கப்பட்டிருக்கிறது. கீழே 1670 என்னும் ஆண்டு. அது டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் சின்னம். பழுதடைந்த வாயிலைப் புதுப்பித்துத் தங்கள் முத்திரையைக் குத்தியவர்கள் அவர்களே. 'போர்த்துக்கீசியர் கோட்டை' என்று சொல்லிக்கொண்டு நாம் படம் எடுத்துக்கொள்ளும் வாயிலின் நெற்றியில் டச்சுக்காரரின் பெயர் எழுதியிருக்கிறது! பதினைந்து ஆண்டுகள் அதன் கீழே நின்றிருக்கிறேன். அண்ணாந்து பார்த்ததில்லை.

இனி, இரண்டாம் வாக்கியம்: ஆங்கிலேயர் இடித்தார்கள்.

ஐரோப்பாவில் பிரெஞ்சுப் படைகள் டச்சு நாட்டைப் பிடித்துக்கொண்ட சமயத்தில், 1795இல், மலாக்கா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. என்றாவது திருப்பிக் கொடுக்க வேண்டிய ஊர். திருப்பிக் கொடுத்தால் பினாங்குத் துறைமுகத்துக்குப் போட்டியாகும். எனவே கோட்டையைத் தரைமட்டமாக்கி, குடிமக்களைப் பினாங்குக்கு இடம்பெயர்த்துவிடலாம் என்பது கும்பினியின் கணக்கு. பகைவரிடமிருந்து காக்கும் கோட்டையைப் பகைவர் கைக்குப் போகுமுன் உடைத்துவிடுவது போர்த்தந்திரம் என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே காரணம் வெறும் கடைப்போட்டி.

1807இல் வில்லியம் ஃபார்க்குவார் இடிக்கத் தொடங்கியதை ஒரு சிறுவன் பார்த்துக்கொண்டிருந்தான். 1796இல் மலாக்காவில் பிறந்தவன். அவனுடைய முன்னோர் ஒருவர் ஏமன் நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து தமிழ்ப் பெண்ணை மணந்தவர். வணிகத்துக்கும் கணக்குக்கும் தமிழ் வேண்டியிருந்த காலம் என்பதால் சிறு வயதில் அவனைத் தமிழ் படிக்க அனுப்பினார்கள். வளர்ந்த பிறகு மலாக்காவிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு மலாய் கற்பித்தான். 'முன்ஷி', அதாவது மொழியாசிரியர், என்று அவர்கள் கொடுத்த பட்டம் அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆம், நம் நாட்டு இடைநிலைப்பள்ளி மாணவர் அனைவரும் பெயர் அறிந்த முன்ஷி அப்துல்லா அவர்களேதாம். மலாய் இலக்கியத்தின் புதுக்காலத்தைத் தொடங்கியவர் என்று போற்றப்படுபவர் தமிழும் படித்த நம் தொழில்காரர்!

1849இல் அச்சேறிய 'ஹிக்காயாட் அப்துல்லா' நூலில் அந்த இடிப்பை அவர் விரிவாக எழுதியிருக்கிறார். முதலில் கூலிக்கு ஆட்கள் வைத்துக் கடப்பாரையால் இடிக்க முயன்றனர். மதில் அசையவில்லை. கோட்டைக்குள் பேய்பிசாசுகள் உள்ளன என்னும் அச்சம் ஊரெங்கும் இருந்தது. வேலையாட்கள் பலர் நோயுற்றனர், சிலர் விழுந்து இறந்தனர். கூலியை உயர்த்தியும் ஆள் வரவில்லை. இறுதியில் மதிலின் அடியில் குழி தோண்டி வெடிமருந்தை நிரப்பினர். ஃபார்க்குவாரே குதிரையேறி வந்து தம் கையால் திரியில் தீ வைத்தார். யானை அளவுக் கற்களும் வீட்டின் அளவுக் கற்களும் வானில் எழும்பிக் கடலில் விழுந்தனவாம். ஊரின் அழகே அன்றோடு போயிற்று என்று அப்துல்லா வருந்துகிறார்.

அதற்குப் பின் நடந்ததையும் அவர் சொல்கிறார். சிதறிய கற்களை மக்கள் எடுத்துச் சென்று வீடு கட்டிக்கொண்டார்கள். சில கற்கள் கப்பலேறி வேறு ஊர்களுக்கும் சென்றன. பள்ளிவாசலிலிருந்து மதிலுக்கும், மதிலிலிருந்து யாரோ ஒரு குடும்பத்தின் அடுப்படிச் சுவருக்கும் ஒரு கல் பயணம் செய்திருக்கலாம். என் மாணவன் கேட்ட கேள்விக்கு விடை இந்தப் பக்கங்களில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

மூன்றாம் வாக்கியத்துக்கு அதிகம் தேவையில்லை. ராஃபிள்ஸ் 1808இல் உடல்நலம் தேற மலாக்காவுக்கு வந்தார். இந்த ஊரைக் கைவிடுவது பெரும் பிழை, இங்குள்ள மக்களும் வணிகமும் பெயர்த்தெடுக்கக் கூடியவை அல்ல என்று மேலிடத்துக்கு விரிவாக எழுதினார். மக்களை வெளியேற்றும் திட்டம் கைவிடப்பட்டது. அது நல்ல செயலே. ஆனால் அதற்குள் மதில் அனைத்தும் போய்விட்டது. பழம்பொருள் மேல் கொண்ட காதலால் ஒருவர் ஓடோடி வந்து வாயிலைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றியது போல நாம் சொல்லும் கதையில் கூரை மேல் கூரை போட்டிருக்கிறோம்.

இன்னொரு ஆசிரிய நண்பர் இதைவிட வலுவான கேள்வியைக் கேட்டார். "நம் பிள்ளைகளுக்கு அந்நியர் கோட்டை எதற்கு? அந்தச் செலவில் பூஜாங் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போகலாமே?" என்றார். பூஜாங்குக்குப் போகத்தான் வேண்டும். 2013இல் அங்கே 11ஆம் எண் சண்டி இடித்துத் தள்ளப்பட்டபோது நாம் எல்லாரும் கொதித்தோம், கடிதம் எழுதினோம். அன்று நாம் பட்ட வலி என்ன வலி? முன்னோர் அடுக்கிய கல்லை யாரோ ஒருவர் பொருட்டாக மதிக்காமல் பெயர்த்தெறிந்த வலி. 1511இல் தங்கள் அரசர்களின் கல்லறைகள் உடைவதைப் பார்த்த மலாய் மக்களுக்கும் அதே வலிதான் இருந்திருக்கும். 1807இல் அப்துல்லா என்னும் சிறுவனுக்கு இருந்ததும் அதுவே. பூஜாங்கில் மட்டும் நின்று அதைச் சொன்னால், நமக்கு மட்டுமே நேர்ந்த கொடுமை என்று பிள்ளை நினைத்துக்கொள்வான். ஆகவே மலாக்காவைத் திட்டத்திலிருந்து எடுக்க எனக்கு ஒப்புதல் இல்லை. செல்லும் முறையை மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து.

எப்படி மாற்றுவது? முதலில், காலை எட்டரைக்கே குன்றில் ஏறிவிட வேண்டும். வெயிலும் இராது, பாட்டை அலறவிட்டு வரும் பூப்போட்ட திரிஷாக்களின் இரைச்சலும் மேலே வராது. அங்கிருந்து கடல் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளைத் தேடச் சொல்ல வேண்டும். அலை வந்து தொட்ட இடமெல்லாம் இன்று மண் கொட்டி நிரப்பப்பட்டு, பேரங்காடிகளாக நிற்கின்றன. கடற்கோட்டை ஒன்று ஊருக்கு நடுவே எப்படி வந்தது என்று அவர்களே வியப்பார்கள். பிறகு கல்லறைக் கற்களில் ஆண்டுகளை மட்டும் எழுதி வரச் செய்யலாம். மொழி புரியாவிட்டாலும் எண் புரியுமே. அதன்பின் கீழே வந்து வாயிலை அண்ணாந்து பார்க்கலாம்.

ஆற்றோரம் மீண்டும் கட்டி எழுப்பியுள்ள மிடல்பர்க் கொத்தளத்தையும் காட்டலாம். 2006இல் சுழற்கோபுரம் கட்டத் தோண்டியபோது அடித்தளம் வெளிப்பட்டது, கோபுரத்தை வேறிடத்துக்கு மாற்றினார்கள். பாராட்டத்தக்க முடிவு. ஆனால் அடித்தளத்தை அப்படியே திறந்து வைத்திராமல் அதன்மேல் புதுமதில் எழுப்பியதில் எனக்கு மனநிறைவு இல்லை. எது அன்றைய கல், எது நம் காலத்துக் கல் என்று பிள்ளைகளால் பிரித்தறிய முடியவில்லை. பெரியவர்களாலும்தான்.

நேரம் மீந்தால் துக்காங் எமாஸ் சாலைக்கு நடந்து சென்று, 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலைப் பார்க்கலாம். டச்சுக்காரர் அளித்த நிலத்தில் மலாக்கா செட்டிகள் கட்டியது. கோட்டை போய்விட்டது, அங்கே மணி இன்னும் ஒலிக்கிறது.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்று சக ஆசிரியர்கள் கேட்பது காதில் விழுகிறது. செண்டோலுக்கு நாம் ஒதுக்குவது முக்கால் மணி நேரம். அதை இருபது நிமிடமாகக் குறைத்தால் போதும். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

அந்த மாணவனை அடுத்த வாரம் வகுப்பில் அழைத்து, அப்துல்லாவின் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டான். "அப்ப அந்த வீடுங்க எல்லாம் இன்னும் இருக்கா சார்? போய் சொவத்த தொட்டுப் பார்க்கலாமா?" என்றான். எந்த வீடுகள் என்று எனக்குத் தெரியவில்லை என்று இம்முறை உண்மையைச் சொன்னேன். மலாக்காவில் பழைய வீடுகளில் வாழும் வாசகர்கள் எவரேனும் இருந்து, உங்கள் வீட்டு அடிச்சுவரில் செம்புரைக்கல் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். இரண்டு பேர் வருவோம், ஐந்து நிமிடம் போதும்.